இணைப்புத் திரட்டலும் முன்னுரிமை எண்ணும்: திருவாலங்காடு ஒன்றியத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கும் பாரத்நெட் திட்டம், தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் வழியே செயற்படுத்தப்பட்டு வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் திருவாலங்காடு போன்ற ஊராட்சி ஒன்றியங்களே இத்தகைய வலையமைப்பில் கிராமங்களின் போக்குவரத்து ஒன்றுசேரும் இடங்கள். இங்கு இரு சுவிட்சுகளுக்கு இடையே ஒரே இணைப்பு இருந்து அது அறுந்தால், சான்றிதழும் வரி இரசீதும் வேண்டி வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும். இணைப்புகளை எவ்வாறு திரட்டுவது, எவற்றுக்கு முன்னுரிமை தருவது என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. திருவாலங்காட்டு ஒன்றியம் இங்கு ஓர் எடுத்துக்காட்டாகவே கொள்ளப்படுகிறது.

திரட்டலின் இயல்பு

இரு சுவிட்சுகளை இரண்டு வடங்களால் இணைத்தால் வேகம் இரட்டிப்பாவதில்லை, சுற்றுப்பாதை உருவாகிறது. அதைத் தவிர்க்க, விரிமர நெறிமுறை ஒரு வடத்தை முடக்கிவிடும். இரண்டையும் ஒரே தருக்க இணைப்பாகக் காட்டினால்தான் இரண்டும் பயன்படும். இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளாயினும், முத்திரை பொறித்த ஒரே வளையத்தில் கோக்கப்பட்டு ஒரே ஆவணமாக நிற்பதை இதனோடு ஒருபுடை ஒப்பிடலாம்.

இதற்கான நெறிமுறை 2000ஆம் ஆண்டில் ஐ.இ.இ.இ. 802.3ஏடி எனத் தரப்படுத்தப்பட்டு, 2008இல் 802.1ஏஎக்ஸ் என்னும் தனித் தரமாயிற்று. இருபுறச் சுவிட்சுகளும் எல்.ஏ.சி.பி. செய்திகளைப் பரிமாறி, எதிர்ப்புறம் உரிய கருவிதானா என உறுதிசெய்கின்றன. ஒரு புறமேனும் 'ஆக்டிவ்' நிலையில் இருத்தல் வேண்டும். இருபுறமும் 'பாசிவ்' எனில் எவரும் பேச்சைத் தொடங்கார். செய்தி மெதுவான முறையில் 30 நொடிக்கு ஒருமுறையும், விரைவு முறையில் நொடிக்கு ஒருமுறையும் செல்லும். மூன்று செய்திகள் தவறினால், அதாவது 90 அல்லது 3 நொடிகளில், அவ்விணைப்பு விலக்கப்படும்.

நெறிமுறையின்றிக் கைவழியே திரட்டுவதும் உண்டு. இடையில் ஒளியிழை மாற்றி இருந்தால் இது இடர் தரும்: அப்பால் இழை அறுந்தாலும் இப்பாலுள்ள போர்ட் உயிருடன் இருப்பதாகவே காட்டக்கூடும். சுவிட்ச் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும், தரவு பாழாகும். ஆதலின் எல்.ஏ.சி.பி. முறையே கொள்ளத்தக்கது.

முன்னுரிமை எண்

குழப்பம் மிகுதியாக எழுவது இங்கேதான். தமிழில் 'முன்னுரிமை' என்றதும் பெரிய எண் உயர்ந்தது எனத் தோன்றும். எல்.ஏ.சி.பி.யில் சிறிய எண்ணே முந்தும். விரிமர நெறிமுறையிலும் அவ்வாறே. சட்டகங்களின் சேவைத் தரத்தைக் குறிக்கும் 0 முதல் 7 வரையிலான முன்னுரிமையிலோ 7 என்பதே உச்சம். ஒரே சொல் எதிரெதிர்ப் பொருளில் வழங்குவதால், முதலிரண்டையும் 'முந்துவரிசை எண்' என வேறுபடுத்துதல் கலைச்சொல்லாக்கத்திற்கு நன்று.

எல்.ஏ.சி.பி.யில் இரு எண்கள் உள்ளன. கருவியின் எண், இரு சுவிட்சுகளுள் எது முடிவெடுக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. போர்ட்டின் எண், எவ்வடங்கள் செயலில் இருக்கும், எவை காத்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பொதுவாக இரண்டின் இயல்பு மதிப்பும் 32768. மாற்றாது விட்டால், சிறிய மேக் முகவரியுடைய கருவி தலைமை ஏற்கும். அது கிளை ஊராட்சியின் சிறு சுவிட்சாகவும் அமையலாம். ஒன்றியச் சுவிட்சின் கருவி எண்ணை 100 என அமைத்தால் தலைமை அங்கே நிலைபெறும். பின்னர், நான்கு வடங்களுள் இரண்டே செயற்பட வேண்டுமெனில், அவ்விரு போர்ட்டுகளுக்கு 100 என்றும் ஏனையவற்றுக்கு 200 என்றும் தரலாம். இவ்வெண்களைக் கிளைச் சுவிட்சில் மட்டும் மாற்றிப் பயனில்லை. தலைமைக் கருவியின் போர்ட் எண்களே கருதப்படும்.

எல்லைகள்

திரட்டிய இரண்டு 1 கிகாபிட் வடங்கள் ஒரே கோப்புப் பரிமாற்றத்திற்கு 2 கிகாபிட் வேகம் தாரா. சட்டகங்களின் வரிசை குலையாதிருக்க, ஓர் உரையாடல் முழுவதும் முகவரிகளின் கணக்கீட்டால் தேர்ந்த ஒரே வடத்தில் செல்லும். பல ஊராட்சிகளின் போக்குவரத்து ஒருங்கே வரும்போதுதான் பளு பகிரப்படும். மேக் முகவரியை மட்டும் கணக்கில் கொண்டால், ரவுட்டர் இருபுறமும் உள்ள இடத்தில் எல்லாம் ஒரே வடத்தில் குவியும். அங்கு ஐபி முகவரியையும் சேர்த்தல் வேண்டும்.

வடங்களின் வழியும் கருதத்தக்கது. ஒரே கேபிளின் இரு இழைகளைத் திரட்டினால், சாலைப் பணியின் பொக்லைன் எந்திரம் இரண்டையும் ஒருசேர அறுக்கும். எந்த முன்னுரிமை எண்ணும் அப்போது உதவாது. ஒன்று நிலத்தடியிலும் மற்றொன்று மின்கம்ப வழியிலும் செல்லுமாறு அமைந்தால் காத்திருக்கும் வடம் உண்மையிலேயே காக்கும்.