கதிர் வீசாத உடன்பிறப்பு

புற்றுநோய்க் கட்டியைத் தேடிச் சென்று தாக்கும் கதிரியக்க மருந்துகள் உண்டு. லுட்டீசியம்-177 டோட்டாடேட் அவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் இதற்கு 2018இல் அனுமதி கிடைத்தது. இதன் ஒரு முனையில் சிறு புரதத் துண்டு ஒன்று உள்ளது. சிலவகைக் கட்டிகளின் செல்கள்மீது போய் ஒட்டிக்கொள்வது அதன் வேலை. மறுமுனையில் பீட்டா துகள்களை வீசும் லுட்டீசியம் அயனி. அந்த அயனியை 'டோட்டா' என்ற வளைய மூலக்கூறு, நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல் பற்றியிருக்கிறது.

பிடி நழுவினால் என்ன ஆகும்? விடுபட்ட அயனி எலும்பில் போய்த் தங்கும். இரத்தச் செல்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜை கதிர்வீச்சுக்கு ஆளாகும். கட்டிக்கு ஓங்கிய அடி நோயாளிமேல் விழும்! எனவே பிடியின் உறுதியை முன்னதாகவே சோதித்தாக வேண்டும்.

ஆனால் கதிரியக்கப் பொருளைக் கையாள உரிமம் வேண்டும், தடுப்புச் சுவர் வேண்டும். லுட்டீசியம்-177இன் அரை ஆயுட்காலமோ 6.65 நாட்கள், 27 நாட்களில் பதினாறில் ஒரு பங்கே மிஞ்சும். இதற்கு ஒரு மாற்றுவழி உண்டு.

மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டு, ஹெவிசி என்ற இளைஞரிடம் ஈயத்திலிருந்து 'ரேடியம்-டி'யைப் பிரிக்கச் சொன்னார். எவ்வளவு முயன்றும் முடியவில்லை. முடியாததில் வியப்பில்லை, அதுவும் ஈயமே, ஈயத்தின் கதிரியக்க ஐசோடோப்பு! தோற்றவர் சும்மா இருக்கவில்லை. 1913இல் வியன்னாவில் பனேத்துடன் சேர்ந்து, கதிரியக்க ஈயத்தை அடையாளமாக்கிச் சாதாரண ஈயத்தின் போக்கைக் கண்டறிந்தார். 1943ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். லுட்டீசியம்-175, லுட்டீசியம்-177 இரண்டிலும் 71 புரோட்டான்கள், எனவே 71 எலெக்ட்ரான்கள். நியூட்ரான்கள்தாம் 104, 106 என வேறுபடுகின்றன. வேதிப் பிணைப்பு எலெக்ட்ரான்களின் வேலையாதலால் டோட்டாவின் கொடுக்குக்கு இரண்டும் ஒன்றே. (இயற்கை லுட்டீசியத்தில் சுமார் 2.6 சதவீதம் லுட்டீசியம்-176 கலந்துள்ளது. அதற்கும் கதிரியக்கம் உண்டு. ஆனால் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 3,700 கோடி ஆண்டுகள். பயப்பட வேண்டாம்!)

சாதாரண லுட்டீசியத்தால் மருந்தைத் தயாரித்து, மனித இரத்தச் சீரத்தில் கலந்து, உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியசில் வைக்கிறார்கள். அவ்வப்போது சிறிது எடுத்து, புரதங்களை நீக்கி, நுண்துகள் நிரப்பிய குழாய் வழியே அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். உலோகமுள்ள மூலக்கூறும் உலோகத்தை இழந்ததும் வெவ்வேறு நேரத்தில் வெளிவரும். எது எது என்பதை நிறை நிறமாலைமானி காட்டிவிடும். உலோகம் சேர்கையில் 175 அலகு கூடுகிறது. இடம்விடும் மூன்று ஹைட்ரஜன்களால் 3 குறைகிறது. ஆக, வேறுபாடு சுமார் 172. இன்னும் கடுமையான சோதனையும் உண்டு. ஈ.டி.டி.ஏ. என்ற போட்டிக் கொடுக்கை ஏராளமாகச் சேர்த்து, உலோகத்தை அது பறிக்கிறதா என்று பார்ப்பார்கள்.

ஆனால் சாதுவான இந்த உடன்பிறப்பு எழுத முடியாத பரீட்சையும் ஒன்று உண்டு. குப்பிக்குள்ளேயே பீட்டா துகள்கள் நீர் மூலக்கூறுகளை உடைக்க, அத்துண்டுகள் மருந்தைச் சிதைக்கும். இதைத் தடுக்கவே மருந்தில் ஜென்டிசிக் அமிலமும் வைட்டமின் சி-யும் சேர்க்கிறார்கள். இந்தச் சிதைவைக் காணக் கதிரியக்க மருந்தேதான் வேண்டும்.

ஆக்டினியம்-225இன் நிலை இன்னும் சிக்கல். ஆக்டினியத்துக்கு நிலையான ஐசோடோப்பே கிடையாது. தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே நிற்கும் லாந்தனத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். ஆனால் ஆக்டினியம் ஆல்ஃபா துகளை வீசும்போது, குண்டு பாய்ந்த துப்பாக்கிபோல் அணுக்கரு பின்னுதைக்கிறது. அந்த ஆற்றல் சுமார் ஒரு லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். வேதிப் பிணைப்பின் ஆற்றலோ சில எலெக்ட்ரான் வோல்ட்தான். புதிதாய்ப் பிறந்த பிரான்சியம் எந்தக் கொடுக்கிலிருந்தும் பிய்த்துக்கொண்டு போய்விடும்.