சம்பளம் போடுகிறவரையும் கேளுங்கள்

ஒரு ஸ்தாபனம் தன் சிப்பந்திகளின் வருகை, விடுப்பு, சம்பளம் முதலிய சகல விவகாரங்களையும் கவனிக்கும் புதிய கணினி ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் விலையையும் வேகத்தையும் ஆராய்கிற அளவுக்கு, அதை நாள்தோறும் இயக்கப்போகும் எழுத்தரின் அனுபவத்தையும், அதன் வழியே சம்பளம் பெறப்போகும் தொழிலாளியின் தேவையையும் ஆராய்வதில்லை. இந்த அலட்சியம் எத்தகைய துன்பத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்குக் கனடா நாட்டு மத்திய அரசாங்கத்தின் 'ஃபீனிக்ஸ்' சம்பளத் திட்டம் கண்கூடான சாட்சி.

சுமார் 40 ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பழைய ஏற்பாட்டை அகற்றிவிட்டு, 101 இலாகாக்களைச் சேர்ந்த ஏறக்குறைய 2,90,000 ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்கத்தக்க புதிய ஏற்பாட்டை, ஐ.பி.எம். நிறுவனத்தின் துணையோடு, பீப்பிள்சாஃப்ட் மென்பொருளை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கினார்கள். ஆண்டுதோறும் 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று எண்ணி, 46 இலாகாக்களில் இருந்த 1,200 சம்பள ஆலோசகர்களின் பணியிடங்களை ஒழித்து, நியூ பிரன்ஸ்விக் மாகாணத்து மிராமிச்சி என்னும் சிறு நகரில் சுமார் 550 பேர் கொண்ட ஒரே மையத்திடம் அவ்வேலையை ஒப்படைத்தார்கள். யாருடைய ஷிப்ட் எப்போது மாறியது, யார் மேலதிகாரியின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்றார், யார் பிரசவ விடுப்பிலிருந்து திரும்பினார் என்பதையெல்லாம் நேரில் அறிந்து, 80,000-க்கும் மேற்பட்ட சம்பள விதிகளுக்குள் வழி கண்டு பழகியிருந்தவர்கள் அந்த ஆலோசகர்களே. யந்திரத்துக்குக் கற்பித்திருக்க வேண்டியவர்களை யந்திரம் வருமுன்பே வெளியேற்றியதை என்னால் சாமான்யமான தவறாகக் கருத முடியவில்லை.

ஏற்பாட்டை அமைக்க 27.4 கோடி டாலர் ஆகும் என்று ஐ.பி.எம். மதிப்பிட்டது, ஒதுக்கப்பட்டிருந்ததோ 15.5 கோடி. தொகையை உயர்த்தவோ காலத்தை நீட்டவோ மனமில்லாத நிர்வாகிகள், தேவையென்று கண்ட 984 அம்சங்களில் நூற்றுக்கும் மேலானவற்றை நீக்கினார்கள் அல்லது ஒத்திப்போட்டார்கள். ஊதிய ஒப்பந்தம் ஆகும்போதெல்லாம் அரசு ஊழியர் எதிர்பார்த்திருக்கும் அரியர்ஸ் கணக்கும் அவ்வாறு நீக்கப்பட்டவற்றுள் ஒன்று. ஓர் இலாகாவில் மட்டும் முன்னோட்டமாக நடத்திப் பார்ப்பதென்று இருந்த யோசனையையும் கைவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் ஒரு பகுதியாகவும் ஏப்ரலில் மறு பகுதியாகவும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிலருக்குக் குறைவாகவும் சிலருக்கு மிகையாகவும் பணம் வந்தது. சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. அடுத்த ஆண்டில் தீராத சம்பளக் கோரிக்கையோடு நின்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் 2018-இல் இதைப் புரிந்துகொள்ளவே இயலாத நிர்வாகத் தோல்வி என்று கண்டித்தார்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் 2010-இல் சுகாதாரத் துறைச் சம்பள ஏற்பாடு இதே கதிக்கு உள்ளானது.

முடிவெடுத்த பிறகு கூட்டம் போட்டுக் காட்டுவதும், சுற்றறிக்கை அனுப்புவதும், பயிற்சி வகுப்பு நடத்துவதும் ஊழியரைக் கலந்தாலோசித்ததாக ஆகமாட்டா. சம்பள எழுத்தர், தொழிற்சங்கப் பிரதிநிதி, கணக்குப் பிரிவினர், கணினிப் பிரிவினர், இரவு ஷிப்ட் பார்க்கும் கடைசிப் படி ஊழியர் ஆகிய ஒவ்வொருவரும், இன்னும் விலைப்புள்ளி கோராத காலத்திலேயே தத்தம் தேவையைச் சொல்லவும், தகுதியற்ற ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்தவும் உரிமை பெற்றிருக்க வேண்டும். கனடா அரசாங்கமே பின்னர் இதனை உணர்ந்தது. மாற்று ஏற்பாட்டைத் தேடுவதற்கு 2018-இல் 1.6 கோடி டாலர் ஒதுக்கி, போட்டியிட்ட நிறுவனங்களின் மென்பொருள்களை ஊழியர்களே கையாண்டு பார்த்து அபிப்பிராயம் கூறும்படி பொருட்காட்சிகள் நடத்தியது. அந்தப் பொருட்காட்சி பத்தாண்டுகளுக்கு முன் நடந்திருக்கலாகாதா என்று நினைக்கும்போது நெஞ்சு வேதனைப்படுகிறது.

உங்கள் அலுவலகத்திலும் இத்தகைய தேர்வு நடக்குமானால், விற்பனையாளர் கொண்டுவரும் மாதிரிக் கணக்கைப் பார்த்துத் திருப்தியடையாமல், அரியர்ஸும் ஓவர்டைமும் சம்பளமில்லா விடுப்பும் ஒன்றாகக் கலந்த உங்கள் மிகக் கடினமான மாதத்தின் பட்டியலைக் கொடுத்து, உங்கள் சம்பள எழுத்தரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள்.