இலவச மென்பொருள் ரெடி... புதியவர்களுக்கான இணையதளம் எப்படி இருக்கணும்?

கட்டற்ற மென்பொருளை எழுதி முடித்தால் மட்டும் போதாது. முதன்முறை வருபவர் ‘டவுன்லோடு எங்கேப்பா இருக்கு?’ என்று திணறினால், கூகுளில் தேடி வேறு தளத்துக்குப் போய்விடுவார். ஆபத்து அங்கேதான். 2022-ல் ‘ஜிம்ப்’ மென்பொருளைத் தேடியவர்களுக்கு, அசல் முகவரியையே காட்டிய ஒரு விளம்பரம் தகவல் திருடும் மால்வேரைத் தலையில் கட்டியது.

வி.எல்.சி. காட்டும் வழி

பிரான்ஸின் எகோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996-ல் தொடங்கிய புராஜெக்ட்டில் பிறந்தது வி.எல்.சி. பிளேயர். அதன் தளத்தில் சில வரி அறிமுகம், பக்கத்திலேயே பெரிய டவுன்லோடு பட்டன். விண்டோஸா, மேக்கா என்பதைத் தளமே கண்டுபிடித்து, பொருத்தமான ஃபைலைத் தருகிறது.

எப்படித் திட்டமிடுவது?

* முகப்பில் 3 கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: இது என்ன செய்யும்? என் கம்ப்யூட்டரில் ஓடுமா? நிஜமாவே இலவசமா?
* டவுன்லோடு பட்டன் நிலையான பதிப்புக்கு மட்டும். சோர்ஸ் கோடு, சோதனைப் பதிப்புகள் உள்பக்கத்தில் இருக்கட்டும்.
* ஒரு சின்ன வேலையை முழுசாகச் செய்துகாட்டும் பாடம் தனி. எல்லா மெனுவையும் விளக்கும் கையேடு தனி. இரண்டையும் கலந்தால் புதியவர் மிரண்டுவிடுவார்.
* அதிகாரப்பூர்வ முகவரி எது என்பதைத் தெளிவாக எழுதுங்கள்.

வெளியிடும் முன்...

மென்பொருளைப் பற்றி எதுவும் தெரியாதவர்களிடம் தளத்தைக் கொடுத்து, ‘இன்ஸ்டால் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லுங்கள். 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000-ல் எழுதினார் பயன்பாட்டு வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன். அவர்கள் தடுமாறும் இடம்தான் நீங்கள் திருத்த வேண்டிய முதல் பக்கம்.