உயில்: மனத்தெளிவு உள்ளபோதே எழுதுவோம்

மயக்க நிலையில் உள்ளவரிடம் உயிலில் கைநாட்டுப் பெறலாமா என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. அவ்வாறு பெறும் உயில் செல்லாது. எழுதுபவர் அவ்வேளையில் தெளிந்த மனநிலையில் இருத்தல் வேண்டும். ஆகவே உரிய காலத்திலேயே தொடங்குவது நலம்.

வேலையில் சேர்ந்ததும்: வங்கிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றில் நாமினியைப் பதிவு செய்யுங்கள், திருமணத்திற்குப் பின் புதுப்பியுங்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர். பொதுவாக அதன் உரிமையாளர் அல்லர்.

குழந்தை பிறந்ததும்: உயில் எழுதுங்கள். பெற்றோர் இருவரும் இல்லாத நிலையில் குழந்தைக்குக் காப்பாளர் யார் என்பதையும் அதில் குறிப்பிடலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரு சாட்சிகளின் கையொப்பம் தேவை. முத்திரைத்தாளும் பதிவும் கட்டாயமல்ல. சொத்தில் பங்கு பெறுவோரைச் சாட்சியாக்க வேண்டாம். இஸ்லாமியருக்குத் தனி விதிகள் உண்டு.

முதுமையிலும் நீண்டகால நோயிலும்: மனத்தெளிவு குறித்து மருத்துவச் சான்று பெற்று இணைத்தால், பின்னாளில் வழக்கு எழுந்தால் அது துணைநிற்கும். மறதிநோயின் தொடக்க நிலையில் உள்ளோரும் தெளிவுள்ள வேளையில் எழுதலாம். தாமதிக்காமல் எங்களிடம் கேளுங்கள்.

எழுதிய உயிலை வாழ்நாளில் எப்போதும் மாற்றலாம். அது இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் சொல்லி வையுங்கள்.