உங்களுக்குத் தெரியுமா? தாலி இல்லை, குடித்தனம் உண்டு!

ஹைதராபாத்தில் 'தோடு நீட' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. காதில் போடும் தோடு என்று நினைத்தால் ஏமாந்தீர்கள்! தெலுங்கில் 'தோடு' என்றால் துணை, 'நீட' என்றால் நிழல். 2010-ல் என்.எம். ராஜேஸ்வரி தொடங்கியது. வேலை? ஜோடி சேர்த்து வைப்பது. யாருக்கு? ஹைடெக் சிட்டி பையன்களுக்கு இல்லை. தாத்தா பாட்டிகளுக்கு!

அதிலும் பலர் கல்யாணமே வேண்டாம் என்கிறார்களாம். சேர்ந்து இருந்தால் போதும்! காரணம் காதல் தத்துவம் இல்லை, கணக்கு. கணவரை இழந்தவர் மறுமணம் செய்துகொண்டால் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக நின்றுபோகும். பிள்ளைகளுக்கோ சொத்து போய்விடுமோ என்ற பயம். ஒரு மஞ்சள் கயிறு, மாதா மாதம் வரும் பணத்தையே நிறுத்திவிடும்!

குஜராத்திகள் மட்டும் சும்மா இருப்பார்களா? 2011-லேயே அகமதாபாத்தில் 50 வயது தாண்டியவர்களுக்காக 'லிவ்-இன்' துணை தேடும் மாநாடு நடந்துவிட்டது. நட்டுபாய் படேல் என்பவரின் ஏற்பாடு. பேரன் பேத்திகள் தோற்றார்கள்!

தெலுங்குப் பத்திரிகைகளில் இதற்குப் பெயர் 'சகஜீவனம்'. எவ்வளவு அழகு! நமக்கு இன்னும் 'லிவிங் டுகெதர்'தான்.

ஸ்வீடனில் 'சம்போ' என்கிறார்கள். அதற்கும் 'சேர்ந்து வாழ்பவர்' என்றே பொருள். தனித்தனி வீட்டில் இருந்துகொண்டே ஜோடியாக இருந்தால் 'சர்போ'. வயது வந்த பிறகும் அம்மா வீட்டிலேயே இருந்தால் 'மம்போ'! நம் ஊரில் மம்போக்களை எண்ணி முடியுமா?

சரி, ஹைதராபாத்துக்கே திரும்புவோம். அங்கே கொண்டாப்பூரில் வீடு பிடிக்க என்ன வேண்டும், தெரியுமா? தோழி ஒருத்தி அவளுடைய அவரோடு வீடு பார்க்கப் போனாள். வாசலில் டு-லெட் பலகை. அடியில் 'ஃபேமிலி ஒன்லி'. ஆதார், ஆபீஸ் அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாம் ஃபைலில் தயார். வீட்டுக்காரரின் அம்மா எதையும் தொடவில்லை. குனிந்து இவள் காலைத்தான் பார்த்தார். "மெட்டெலு ஏவம்மா?" மெட்டி எங்கேம்மா என்கிறார்! வீடு இல்லை. மறுநாள் அமீர்பேட்டில் 150 ரூபாய்க்கு ஒரு ஜோடி மெட்டி வாங்கி மாட்டினாள். அடுத்த தெருவிலேயே வீடு! பேசி முடிக்க ஆன நேரம், பத்து நிமிஷம்!

இந்தியாவில் இப்படித் தாலி கட்டாமல் வாழும் ஜோடிகள் எத்தனை? சொல்லவே முடியாது! ஏன் தெரியுமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வருபவர்களுக்குக் கொடுத்த விதி அப்படி. நிலையாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொன்னால், 'திருமணமானவர்' என்றே குறித்துக்கொள்ள வேண்டும். பதிவாளர் வேண்டாம், ஐயர் வேண்டாம். வாசலில் வந்து நிற்கும் பள்ளிக்கூட வாத்தியாரே கல்யாணம் செய்து வைத்துவிடுவார்!

நீதிமன்றமும் சளைத்ததில்லை. 1927-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீண்ட காலம் ஜோடியாக வாழ்ந்தால் கணவன் மனைவி என்றே கொள்ள வேண்டும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்! வழக்கு எங்கிருந்து போனது? நம் பக்கத்து இலங்கையிலிருந்து! இந்திய நீதிபதிகள் பின்னாளில் எத்தனையோ தீர்ப்புகளில் எடுத்துக்காட்டியது இதைத்தான்.

1978-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஜோடி 50 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி கொண்டுவா என்றது எதிர்த்தரப்பு. அரை நூற்றாண்டுக்குப் பிறகு சாட்சி கேட்டால் வெகு சிலரே தேறுவார்கள் என்று சொல்லிவிட்டார் நீதிபதி கிருஷ்ணய்யர்!

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, காப்பிரைட் உண்டு: இந்த விஷயத்தில் இந்தியாவின் தலைநகரம் டெல்லி இல்லை, கோயம்புத்தூர்! 2010-ல் உச்ச நீதிமன்றம் 'திருமணம் போன்ற உறவு' எது என்று நான்கு நிபந்தனை விதித்தது. ஊரார் முன் கணவன் மனைவியாக நடமாடியிருக்க வேண்டும். வயது வந்திருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளத் தடை இருக்கக் கூடாது. விருப்பத்தோடு நெடுநாள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் சந்தித்தது செல்லாது! வழக்கு? கோவை. 2013-ல், வயது வந்த இருவர் தாம்பத்திய உறவு கொண்டாலே கணவன் மனைவிதான் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கர்ணன் அடித்துச் சொன்னார். அதுவும் கோவை! 2019-ல், மணமாகாத ஜோடி தங்கியதைக் காரணம் காட்டி ஒரு விடுதிக்குச் சீல் வைத்தார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்கச் சட்டமே இல்லை என்று சொல்லித் திறக்க வைத்தது உயர் நீதிமன்றம். அந்த விடுதி எங்கே? வேறெங்கே! ஹாட்ரிக்!

நடிகை குஷ்பு 2005-ல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பேட்டியில் சொன்னார். ஒரே ஒரு பேட்டி. குவிந்த வழக்குகள் 23! 2010-ல் உச்ச நீதிமன்றம் மொத்தத்தையும் தள்ளுபடி செய்தது. ராதையும் கண்ணனும் சேர்ந்து வாழவில்லையா என்று விசாரணையின்போது நீதிபதிகளே கேட்டதாகச் செய்தி வர, அதற்கும் ஒரு ரகளை!

உங்கள் தாத்தா பாட்டி சுயமரியாதைத் திருமணம் செய்தவர்களா? உஷார்! 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய இந்தத் திருமணம் செல்லாது என்று 1953-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாலை மாற்றி, பிள்ளை பெற்று, பேர் வைத்த பிறகு! 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவந்து முன்தேதியிட்டுச் செல்லுபடியாக்கியது. அதுவரை சட்டத்தின் கண்ணில் அத்தனை பேரும் 'லிவிங் டுகெதர்'!

இன்னும் பின்னே போகலாமா? ஆட்கள் ஏமாற்ற ஆரம்பித்த பிறகுதான் பெரியவர்கள் கல்யாணச் சடங்கையே ஏற்படுத்தினார்கள் என்கிறது தொல்காப்பியம். முதலில் களவு, அப்புறம்தான் கற்பு!

ராஜஸ்தானின் கராசியா பழங்குடியினர் முதலில் சேர்ந்து வாழ்வார்கள். பிள்ளை பெறுவார்கள். கையில் காசு சேர்ந்தபோது கல்யாணம். அப்பாவும் பிள்ளையும் ஒரே சமயத்தில் மாப்பிள்ளை ஆவதும் உண்டு!

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மணமாகாமல் சேர்ந்து வாழ்வது குற்றம். எதுவரை? 2016 வரை! துபாயில் 2020-ல் அந்தத் தடை போனது. ஆனால் நம் உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் சேர்ந்து வாழப் பதிவு கட்டாயம். ஒரு மாதத்துக்குள் பதியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பிரிந்தால் அதையும் போய்ச் சொல்ல வேண்டும். தொடங்கியபோது படிவம் 16 பக்கம்!

மணிரத்னத்தின் 'ஓகே கண்மணி' 2015-ல் வந்தது. தெலுங்கில் 'ஓகே பங்காரம்'. படம் முழுக்கத் தாலி வேண்டாம் என்ற ஜோடிக்குக் கடைசியில் கல்யாணம். அவரும் மெட்டி கேட்ட அந்த அம்மா கட்சிதான் போல!

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் ஒருவர் இருக்கிறார். தெலுங்கு எழுத்தாளர் சலம். பிறந்தது 1894, சென்னையில். 1920-களிலேயே 'மைதானம்' நாவலில் வக்கீல் கணவரை விட்டுவிட்டு அமீர் என்பவனோடு வெட்டவெளியில் குடிசை போட்டு வாழப்போகும் ஒருத்தியைப் படைத்தார். ஆந்திரமே கொந்தளித்தது. சலம் 1950-ல் எங்கே போனார் தெரியுமா? திருவண்ணாமலைக்கு, ரமணாசிரமத்துக்கு! 1979-ல் காலமாகும்வரை அங்கேதான்.

அந்தக் கதாநாயகியின் பெயர்? ராஜேஸ்வரி. மேலே போய் 'தோடு நீட' தொடங்கியவர் பெயரை இன்னொரு முறை பாருங்கள்!