டிரௌட் மீனும் ஈயத்தலைத் தூண்டிலும்

குளிர்ந்த ஆறுகளில் வாழும் டிரௌட் மீனில் பெரியதைப் பிடிக்கப் பெருங்கருவி வேண்டுமென்பது பலருடைய எண்ணம். அஃது உண்மையன்று என்பதற்கு, அமெரிக்காவில் ஆர்க்கன்சா ராஜ்யத்திலுள்ள லிட்டில் ரெட் ஆறு தக்க சான்றாகும். 1992-ஆம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி, ஹோவர்ட் காலின்ஸ் என்பவர் அவ்வாற்றில் 40 ராத்தல் 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள பழுப்பு டிரௌட் ஒன்றைப் பிடித்தார். அவர் கையாண்ட தூண்டிலின் எடை ஓர் அவுன்ஸில் 32-ல் ஒரு பங்கே. ஒரு கிராமுக்கும் குறைவு. நூலோ 4 ராத்தல் மட்டுமே தாங்கவல்லது. தூண்டிலிற் பிடிபட்ட பழுப்பு டிரௌட்டுகளுள் 2009 வரை உலகில் அதுவே முதன்மை பெற்றிருந்தது.

இத்துணைச் சிறு கருவி எவ்வாறு பயன்பட்டது, அத்துணைப் பெரிய மீன் அங்கு எவ்வாறு வளர்ந்தது என்னும் இரண்டையும் அறிதல், ஓடைக்கரையில் நிலமுடையோர்க்கு நலம் பயக்கும்.

கருவியின் அமைப்பு

இத்தூண்டிலுக்கு ஜிக் என்று பெயர். தூண்டில் முள்ளின் தலைப்பில் சிறு ஈயக் குண்டை வார்த்து, அதன் பின்னே மராபு என்னும் மெல்லிறகைக் கட்டுவர். நனைந்த இறகு நீரோட்டத்தில் உயிருள்ள பூச்சியைப்போல் அசையும். டிரௌட் உண்ணும் சிறு பிராணிகளின் நிறத்தை ஒத்த மங்கிய பச்சையும் பழுப்பும் பெரிதும் விரும்பப்படுகின்றன.

கோல் 6 அல்லது 7 அடி நீளமுள்ளதாயும் நுனி எளிதில் வளைவதாயும் இருத்தல் வேண்டும். இம்முறைக்குரிய ரீலில், தூண்டிலை வீசும்போது உருளை சுழல்வதில்லை. நூல் அதன் விளிம்பின்மேல் வளையம் வளையமாகக் கழன்றோடும். ஆதலின் மிக இலேசான எடையையும் தூர எறியலாம். ரீலிலுள்ள தடையைச் சற்றுத் தளர்த்தி வைத்தல் அவசியம். மீன் ஓடுங்கால் நூல் அறாமல் உடன் ஓடும்; மீன் களைத்தபின் சுற்றிக்கொள்ளலாம். 4 ராத்தல் நூல் பத்து மடங்கு எடையுள்ள மீனை வென்ற சூட்சுமம் இதுவே.

வீசும் முறை

டிரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் இயல்புடையது. பாறைகளின் பின்புறமும், விரைந்த நீரும் மெதுவான நீரும் சேரும் ஓரங்களுமே அதன் இருப்பிடம். அவ்விடத்திற்குச் சற்று மேலே ஜிக்கை எறிந்து, அடிமட்டம் நோக்கி ஆழவிட வேண்டும். பின்னர்க் கோல்நுனியை ஓரடி உயர்த்தி மீண்டும் தாழ்த்துக. தாழ்த்தும்போது நூல் முற்றிலும் தொய்ந்துவிடலாகாது. ஏனெனில், ஜிக் விழும்போதே மீன் பெரும்பாலும் கவ்வும். இழுப்பு வலிதாகத் தெரியாது. நூல் திடீரென நின்றாலும், பக்கவாட்டில் விலகினாலும் உடனே கோலை உயர்த்துக. ஒவ்வொரு வீச்சிலும் ஜிக் பாறையிற் சிக்கினால் எடை மிகுதியென்றும், ஒருபோதும் அடியைத் தொடாவிடில் குறைவென்றும் அறிக.

நீரே மூலதனம்

லிட்டில் ரெட் ஆறு பண்டு டிரௌட் வாழ்ந்த ஆறன்று. 1962-ல் கிரீர்ஸ் பெர்ரி அணை கட்டி முடிந்தது. 1963 அக்டோபர் 3-ந் தேதி ஜனாதிபதி கென்னடி அதனை அர்ப்பணித்தார். நீர்த்தேக்கத்தின் ஆழத்திலிருந்து வெளிவரும் குளிர்நீரில் பழைய மீன்கள் தழைக்க இயலவில்லை. அவற்றிற்கு ஈடாக டிரௌட் குஞ்சுகள் விடப்பட்டன. பழுப்பு டிரௌட், கூழாங்கற்களிடையே முட்டையிட்டுத் தானே பெருகலாயிற்று. அக்கற்கள்மேல் வண்டல் படிந்தால் முட்டைகள் காற்றின்றி மடியும். மீனுக்கு இரையாகும் பூச்சிகளும் ஒழியும். நீரின் வெப்பம் 20 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் மீன் இரையெடுப்பது குன்றும். ஆகவே பெருமீனை வளர்ப்பவை குளிர்ந்த நீரும் தூய அடிமட்டமுமேயாம்.

நீலகிரிக்குரிய பாடம்

நீலகிரியிலும் டிரௌட் வந்தேறியதே. எச். சி. வில்ஸன் முயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அம்மலைச் சரிவுகளில் உருளைக்கிழங்கு, கோசு, காரட் பயிரிடுவோர், மேல்மண் ஓடையிற் சேராதபடி சரிவுக்குக் குறுக்கே சமமட்ட வரப்பிடுதலும், ஓடைக்கரையில் புல்லும் மரமும் விட்டுவைத்தலும் கடமையாகும். மருந்து தெளிக்கும் கருவிகளை ஓடைநீரிற் கழுவலாகாது. கால்நடைகளை முட்டையிடும் பருவத்தில் ஆழமற்ற கூழாங்கற் பகுதிகளில் இறங்கவிடாமையும் நன்று. மேல்மண் நின்றால் நிலமுடையோனுக்கும் இலாபம், ஓடைக்கும் இலாபம்.

மீன் பிடிக்க விரும்புவோர் உரிய அனுமதி பெற்றே இறங்குதல் வேண்டும். சிறு மீன் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றி, அதனை நீரில் விடுக. எதிர்ச்செதில் இல்லாத முள்ளாயின் இது எளிது. கிராம அதிகாரிகள் இவற்றை ஓடையோரக் குடிகளுக்கு எடுத்துரைப்பின், மண்ணும் மீனும் ஒருங்கே காக்கப்படும்.