சிடி பிளேயரை மாற்றினால் ஹெட்போனில் ஒலி மாறுமா?

திருவிடைமருதூர் வீருசாமிப் பிள்ளை, அருகிலுள்ள திருவாவடுதுறையின் ராஜரத்தினம் பிள்ளை போன்றோரின் நாகஸ்வரத்தைச் சிடியில் கேட்பவர்கள் விலை உயர்ந்த பிளேயருக்கு ஆசைப்படுவது உண்டு. பிளேயர் செய்யும் வேலை இரண்டு. முதலாவது, லேசர் ஒளியால் தட்டிலுள்ள எண்களைப் படிப்பது: நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். சிறு கீறல்களைப் பிழைதிருத்தக் கணக்கு சரிசெய்துவிடுவதால், தட்டு நன்றாக இருந்தால் மலிவான பிளேயரும் அதே எண்களையே படிக்கும்.

வேறுபாடு இரண்டாவது வேலையில்தான்: எண்களை மின்னலையாக்கி ஹெட்போனுக்குத் தள்ளுவதில். பல பழைய பிளேயர்களில் ஹெட்போன் துளைக்கு முன்னால் 100 ஓம் அளவுக்கு மின்தடை இருக்கும். ஹெட்போனின் மின்மறுப்போ சுருதிக்குச் சுருதி மாறும். 32 ஓம் ஹெட்போன் ஒன்று தாழ்ந்த அதிர்வெண்ணில் 80 ஓம் காட்டினால், அந்த இடத்தில் மட்டும் மின்னழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகும். தவிலின் தொப்பி நாதம் தேவைக்கு மேல் உப்பிக் கேட்பது இதனால்தான், வாசித்தவர்மேல் குற்றமில்லை. வெளியீட்டுத் தடை ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாதிருப்பது நல்லது.

78 சுழற்சி இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவில் இரைச்சல் மூலத்திலேயே உண்டு. எந்தப் பிளேயரும் அதைப் போக்காது. நல்ல கருவியில் அது இன்னும் தெளிவாகவே கேட்கும். ஆகவே புதுப் பிளேயருக்கு முன் ஒரு தனி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் வாங்கிப் பார்ப்பதே சிக்கனம்.